தலைமாடு வெச்ச பெஞ்சு

இவ்வளவு கனமா இருக்கும்னு நான் நினைக்கல தம்பி. பாத்தா சின்னக் கைப்பிடி. தூக்கினா கை அப்படியே கீழ இறங்குது. இதைத்தான் ஒவ்வொரு பெஞ்சுக்கும் நட்டநடுவுல நிக்க வெச்சு, போல்ட் போட்டு முடுக்கப் போறீங்களா? சரி. இந்தாங்க, வாங்கிக்குங்க. காகிதத்துலயே சுத்தி வைங்க, பெயின்ட் உரிஞ்சிடப் போகுது.

கோபமா? இல்லையே. கோபப்படறதுக்கும் உடம்புல கொஞ்சம் தெம்பு வேணும்ல. கையெழுத்துதானே, அது கிடக்கட்டும். இந்தப் பூங்காவை வடிவமைச்சவங்க சம்மதம் இல்லாம எதையும் மாத்தக் கூடாதுன்னு அன்னைக்கு நாந்தான் சண்டை போட்டு ஒப்பந்தத்துல சேத்தேன். அது இன்னைக்கு உங்களை அலைய விட்டிருக்கு. முதல்ல அந்த டிரில்லிங் மெஷின் ஆளுங்களை நிழல்ல உக்காரச் சொல்லுங்க. மெஷினைத் தோள்ல வெச்சுக்கிட்டே நிக்கிறாங்க, ஏதோ நான் தலையாட்டினதும் ஓடி வந்து துளை போடப் போற மாதிரி. வாசல்ல டீக்கடை இருக்கு, குடிச்சிட்டு மெதுவா வரட்டும்.

நீங்களும் குடிங்களேன். எனக்கு வேண்டாம். இப்பல்லாம் டீ சூடா இருக்கா ஆறிப்போச்சான்னே எனக்குத் தெரியறதில்ல. ஊத்தறேன், உள்ள போகுது, அவ்வளவுதான். உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. வயசுன்னு வெச்சுக்குங்க.

ஒரு கைப்பிடி வைக்கிறதுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு யோசனைன்னு கேட்டீங்களே, நியாயமான கேள்விதான். நீங்க கட்டட இன்ஜினியர், பூங்காப் பிரிவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னு சொன்னீங்க. கட்டடத்துக்குச் சுவரு இருக்கு, கூரை இருக்கு, மறைச்சுக்கலாம். எங்க தொழில் வெட்டவெளியில. மண்ணு, தண்ணி, மரம், நடக்க ஒரு வழி, உக்கார ஒரு இடம். இவ்வளவுதான் சரக்கு. எங்க அம்மா கடைசி வரைக்கும், என் பொண்ணு செடி வைக்கிற வேலை பாக்கறான்னுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. செடி வைக்கவா இத்தனை வருஷம் படிச்சேன்னு நான் கத்துவேன். அப்ப மரம் வைக்கிறியாடின்னு கேப்பாங்க.

நம்ம நாட்டுத் தோட்டங்களோட கதையைப் பெரிய பெரிய புத்தகமா எழுதி வெச்சிருக்காங்க. அத்தனையையும் பிழிஞ்சா ஒரு சொட்டுதான் விழும். யாரு உக்காரலாம், யாரு நிக்கணும். வேற ஒண்ணுமே இல்ல. நான் சொல்றது உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. இருக்கட்டும்.

மலையடிவாரத்துல அரசர் தோட்டம் இருக்குல்ல? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்களே. நேரா ஒரு வாய்க்கால், ரெண்டு பக்கமும் நூல் பிடிச்ச மாதிரி மாதுளை, எலுமிச்சை. மேல ஒரு மண்டபம், அதுல ஒரே ஒரு கல் இருக்கை. நாங்க படிக்கிறப்ப அந்தத் தோட்டத்தை அளந்து வரையறதுக்கு எங்க வகுப்பையே கூட்டிட்டுப் போனாங்க. நல்ல வெயில். காலு ரெண்டும் கெஞ்சுது. நான் நேரா மண்டபத்துக்கு ஏறிப்போயி அந்தக் கல்லுல உக்காந்துட்டேன். அங்க இருந்த வாட்ச்மேன் ஒரு விசில் ஊதினான் பாருங்க, மரத்துல இருந்த கிளியெல்லாம் பறந்துடுச்சு. அது அரசர் உக்கார்ற கல்லு, எந்திரி எந்திரின்னு ஓடி வரான்.

கீழ ஒருத்தரு டேப்பைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சிருந்தாரு. எங்க வகுப்புதான், ஆனா அதுவரைக்கும் பேசினதில்ல. அவரு நிமிந்து பாத்து, ஐயா, அவங்களை எழுப்பிடாதீங்க, ஆளு உக்காந்தாத்தான் கல்லோட உயரம் சரியா அளக்க முடியும்னாரு. முகத்துல ஒரு கோடு கூட மாறல. வாட்ச்மேன் அதை நம்பி, அப்ப ஆடாம உக்காருன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டான். அப்படி ஒரு பொய்யை அவ்வளவு நேர்மையா முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்ற ஆளைக் கல்யாணம் பண்ணிக்காம வேற யாரைத் தம்பி பண்ணிக்கிறது?

ஆமா, அவருதான். எங்க வீட்டுக்காரர். நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அரசர் தோட்டத்தைப் பழையபடி மீட்டெடுத்தது அவருதான். சாரா? சார் எப்பவோ ரிட்டயர் ஆயிட்டாரு. தோட்டத்தை இப்ப வேற ஆளுங்க பாத்துக்கறாங்க.

அன்னைக்கு அந்தக் கல்லுல உக்காந்துக்கிட்டே அவரைக் கேட்டேன். அரசர் இங்க உக்காந்தாரு சரி, ராணி எங்க உக்காந்தாங்க? மந்திரி? தண்ணி பாய்ச்சறவன்? அவரு சொன்னாரு, யாரும் உக்காரல, எல்லாரும் நின்னாங்க, இந்தத் தோட்டமே ஒரு ஆளோட கண்ணுக்காகப் போட்டது, இந்த இடத்துல இருந்து பாத்தாத்தான் எல்லாக் கோடும் ஒண்ணு சேரும்னு. சொல்றப்ப அவரு கண்ணு மின்னுது. அவருக்கு அது அழகு. எனக்குக் கால் வலி. எங்க ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் பண்ணிக்கிட்டோம்.

அவரு அந்தத் தோட்டத்தை விட்டு நகரவே இல்ல. மண்ணோட நிறத்தைப் பாத்தே இங்க ஒரு மரம் இருந்திருக்குன்னு சொல்லிடுவாரு. எப்பவோ குழி தோண்டி நிரப்பின மண்ணு சுத்தி இருக்கறதை விடக் கொஞ்சம் கறுத்து இருக்குமாம். புல்லை நீக்கிட்டு, வெயில் சாயற நேரத்துல தரையில குப்புறப் படுத்துப் பாப்பாரு. வட்டவட்டமா தெரியும். அப்படித்தான் மாதுளை வரிசை கிடைச்சுது. மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்த வாய்க்கால் கிடைச்சுது. வீட்டுக்கு வர்றப்ப சட்டையெல்லாம் மண்ணு. வாசல்லயே நிறுத்தி உதறிட்டுத்தான் உள்ள விடுவேன்.

அந்தத் தோட்டம் மேல புல்லைப் போட்டு மூடினது யாருங்கறீங்க? அதுக்கப்புறம் வெளியில இருந்து வந்து ஆண்டாங்களே, அவங்க. அவங்களுக்குக் கண்ணு போற தூரத்துக்கும் பச்சையா புல்லு இருக்கணும். புல்லைத் தொடாதே, பூவைப் பறிக்காதே, நாயைக் கூட்டி வராதே. நம்ம ஆளும் அந்த நாய்க் கணக்குலதான். பெஞ்சு போட்டாங்க, நல்ல இரும்புப் பெஞ்சு, ஆனா வேலிக்கு உள்ள. நம்ம ஆளுங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னு, உள்ள வாசிக்கற பேண்டு வாத்தியத்தைக் கேட்டாங்க.

அவங்க போனப்புறம் நம்ம ஆட்சி. எல்லா நாற்சந்தியிலயும் ஒரு ரவுண்டானா, நடுவுல ஒரு சிலை, சுத்தி குரோட்டன்ஸ், அதைச் சுத்தி ஒரு கம்பி வேலி. சிலைக்கும் நிழல் கிடையாது, நமக்கும் உள்ள போக வழி கிடையாது. காக்காய்க்கு மட்டும் அனுமதி. அதுவாவது சிலையை மதிச்சு எதையாவது செஞ்சுட்டுப் போகுது.

சிரிக்கிறீங்க. பரவால்ல, சிரிங்க.

இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு தெரியுமா? ரயில் சரக்கு இறக்கற யார்டு. கிடங்கு, தண்டவாளம், துருப்பிடிச்ச வேகன். அந்த வேலை எல்லாம் ஊருக்கு வெளிய போனப்புறம், இதைப் பூங்காவா மாத்தணும்னு போட்டி வெச்சாங்க. எனக்குக் கிடைச்சுது. காகிதத்தை எடுக்கறதுக்கு முன்னாடி சும்மா வந்து இங்க உக்காந்தேன். யாரு வரா, எந்தப் பக்கம் நடக்கறா, எங்க நிக்கறான்னு பாக்கறதுக்கு.

மத்தியானம் ஆனா வேகனுக்கு அடியில வரிசையா ஆளுங்க படுத்துத் தூங்குவாங்க. முதல்ல மூட்டை தூக்கறவங்கன்னு நினைச்சேன். அவங்க எல்லாம் எப்பவோ போயிட்டாங்க. இவங்க அதோ, எதிர்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. உள்ள நோயாளி படுத்திருப்பாரு, கூட வந்தவங்களுக்கு உக்காரக்கூட இடம் கிடையாது. ராத்திரி முழுக்க வராந்தாவுல நின்னுட்டுப் பகல்ல ரோட்டைத் தாண்டி வந்து இங்க விழுவாங்க. ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், பையைத் தலைக்கு வெச்சுக்கிட்டுத் தூங்கறாங்க. பிளாஸ்க்கோட வாரைக் கைக்குட்டையால மணிக்கட்டுல முடிச்சுப் போட்டிருக்காங்க, யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு. யாரோ நடக்கற சத்தம் கேட்டாலும் தூக்கத்துலயே அந்தக் கை இறுகுது. கண்ணு திறக்கல, கை மட்டும் இறுகுது. அதைப் பாத்துட்டு அன்னைக்கு வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கு மேல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு பட்டுச்சு.

பெஞ்சை அப்படித்தான் வடிவமைச்சேன். உக்காரவும் வரணும், படுக்கவும் வரணும். ஆளுங்களைப் படுக்க வெச்சே அளந்தோம். குட்டை, நெட்டை, குண்டு, எல்லாரும். எங்க வீட்டுக்காரர்தான் டேப் பிடிச்சாரு. அரசர் தோட்டத்தை அளந்த டேப்பை வெச்சுத் தூங்கறவன் காலை அளக்க வெச்சிட்டியேன்னு புலம்பிக்கிட்டே அளந்தாரு. ஆனா ஒரு விரக்கடை கூடத் தப்பா அளக்கல. தடவிப் பாருங்க, இந்த ஓரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அது தலைமாடு. பக்கத்துல கைப்பையை மாட்டிக்க ஒரு கொக்கி, படுத்தவங்க முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல வர்ற மாதிரி. மரச்சட்டத்துக்கு நடுவுல இடைவெளி விட்டது மழைத்தண்ணி நிக்காம ஓடறதுக்கு.

நகராட்சிக் கூட்டத்துல இதுக்காக வாங்கிக் கட்டிக்கிட்டேன் பாருங்க. ஒரு உறுப்பினர் எந்திரிச்சாரு. பூங்கான்னா ஜனங்க நடக்கணும், ஓடணும், சுறுசுறுப்பா இருக்கணும், இந்தம்மா என்னடான்னா தூங்குமூஞ்சி மரத்தை நட்டு, அதுக்குக் கீழ தூங்குமூஞ்சிங்களுக்குப் பெஞ்சு போடறேங்கறாங்கன்னாரு. கூட்டமே குலுங்கிச் சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, நல்லாத்தானே சொன்னாரு. சிரிப்பு அடங்கினதும் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். வீட்டை விட்டு வெளிய வந்தப்புறம், தெருவுல, பயமில்லாம கண்ணை மூடினது உங்களுக்கெல்லாம் கடைசியா எப்பன்னு. தலைவர் பேனா மூடியைத் திருகிக்கிட்டே, அடுத்த விஷயத்துக்குப் போகலாம்னாரு. பெஞ்சு பாஸாயிடுச்சு.

வாட்ச்மேன் விதியும் நான் எழுதினதுதான். தூங்குறவங்களை எழுப்பக் கூடாது. பக்கத்துல சத்தம் போட விடக் கூடாது. வேற எந்தப் பூங்காவுலயும் அப்படி ஒரு விதி கிடையாது. எழுப்பறதுக்குத்தான் சம்பளமே குடுப்பாங்க.

எங்க வீட்டுக்காரரா? அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. திறப்பு விழாவுக்கு வந்தாரு, சுத்திப் பாத்தாரு, பெஞ்சை ரெண்டு தட்டுத் தட்டி, அளவு சரியா இருக்குன்னு சொன்னாரு. அதோட சரி. வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஆரம்பிச்சாரு. தோட்டங்கறது கண்ணைத் திறந்து பாக்கறதுக்கு, நீ போட்டிருக்கறது படுக்கையறைன்னு. உங்க தோட்டத்துல ஒருத்தர் பாக்கறதுக்காக ஊரே நின்னுச்சு, என் தோட்டத்துல யாரும் எதையும் பாக்க வேண்டாம்னு நான். அப்படியே முத்தி, ஒரு வாரத்துக்குப் பேச்சே இல்ல. உப்பு வேணும்னா உப்பைப் பாத்து, உப்பே இங்க வாம்பாரு. சமாதானமும் ஆயிடும். எத்தனையோ வருஷம் சண்டை போட்டிருக்கோம் தம்பி, எல்லாம் செத்துப்போன ராஜாக்களைப் பத்திதான். நகை நட்டுக்காக ஒரு நாளும் இல்ல.

பகல்ல படுக்கறவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராத்திரியும் சரியா தூக்கம் வராது, அது வேற. பெரிய நாற்காலியில சாஞ்சுக்கிட்டுப் பழைய வரைபடத்தைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. போயி படுங்களேன்னா, நீ வேணா உன் பெஞ்சுல போயி படும்பாரு.

சரி, நீங்க வந்த விஷயத்துக்கு வருவோம்.

பேப்பர்ல பாத்தேன். பிணத்தின் அருகே விளையாடிய குழந்தைகள்னு தலைப்பு. படம் கூடப் போட்டிருந்தாங்க, வெறும் பெஞ்சைப் படம் எடுத்து. அடையாளம் தெரியாத முதியவர்னு. அடையாளம் அப்புறம் தெரிஞ்சுடுச்சு, அதைப் போடறதுக்கு அவங்களுக்கு இடம் இல்ல போல. மத்தியானம் படுத்தவரு, சாயந்திரம் வரைக்கும் யாரும் கவனிக்கல, நகராட்சி என்ன செஞ்சுக்கிட்டிருக்குன்னு எழுதியிருந்தாங்க. உடனே உங்க ஆபீஸ்ல கூடிப் பேசி, படுத்தாத்தானே சாவான், படுக்கவே விடாதேன்னு இந்த இரும்பைச் செய்யக் குடுத்துட்டீங்க. இல்ல இல்ல, நீங்க இல்ல. உங்க ஆபீஸ்.

வாட்ச்மேனையும் வேலையை விட்டு நிறுத்திட்டீங்க. நான் அவரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ரூம், ஒரு கட்டில். கட்டில்ல என்னை உக்கார வெச்சிட்டு அவரு சுவரோரமா நிக்கறாரு, உக்காருன்னா உக்கார மாட்டேங்கறாரு. அவரு மனைவி டீ போட்டுக் குடுத்தாங்க. சூடா இருந்துச்சான்னு கேக்காதீங்க.

அவருதான் முழுசா சொன்னாரு. வந்தவரு முதல்ல பெஞ்சைச் சுத்தி நடந்தாராம். உக்காந்தாராம். கொஞ்ச நேரம் மேல மரத்தையே பாத்தாராம். அப்புறம் செருப்பைக் கழட்டி ரெண்டையும் ஒட்டி வெச்சு, கண்ணாடியை மடிச்சுச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, தலைமாட்டுப் பக்கம் சரியா தலையை வெச்சுப் படுத்தாராம். நிறையப் பேரு தெரியாம மாத்திப் படுப்பாங்க, இவரு சரியா படுத்தாரும்மான்னு சொன்னாரு. பசங்க பந்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க. தாத்தா தூங்கறாருடா, அந்தப் பக்கம் போயி விளையாடுங்கன்னு துரத்தியிருக்காரு. வெயில் திரும்பினப்ப, முகத்துல படக் கூடாதுன்னு தன்னோட துண்டைக் கிளையில கட்டித் தொங்க விட்டிருக்காரு. அவ்வளவு செஞ்சிருக்காரு. எழுப்ப மட்டும் செய்யல.

எழுப்பியிருக்கணுமாம்மான்னு எங்கிட்ட கேட்டாரு.

எனக்குத் தெரியலன்னு சொன்னேன். டாக்டரையும் கேட்டேனே. சீக்கிரம் தெரிஞ்சிருந்தா ஒருவேளை ஏதாவது பண்ணியிருக்கலாம்னாரு. படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிருக்கவும் கூடும்னாரு. ரெண்டையும் ஒரே குரல்ல சொன்னாரு, பஸ் வந்தாலும் வரும் வராமலும் போகும்ங்கற மாதிரி. நானும் சரின்னு கேட்டுக்கிட்டு வந்தேன். செத்தவரோட தங்கச்சி மட்டும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. அவ போட்டது பெஞ்சு இல்ல, பாடைன்னு. என்னைத்தான். நல்லாத்தான் இருந்துச்சு அந்த வார்த்தை. அந்தக் கூட்டத்துல பேசின உறுப்பினர் கூட அவ்வளவு கச்சிதமா சொல்லல.

நீங்க ஏன் அங்கெல்லாம் போனீங்கன்னு கேக்கறீங்களா? போகாம எப்படி? இடத்தைப் போட்டவ நான்.

சரி தம்பி. கைப்பிடி வேண்டாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன். நல்லா யோசிச்சுட்டேன், ரொம்ப நாளா வேற எதையும் யோசிக்கல. அந்த இரும்பை நடுவுல வெச்சிட்டா சாகறவன் சாகாம இருக்க மாட்டான். தரையில படுத்துச் சாவான், இல்ல பஸ் ஸ்டாண்டுல உக்காந்தபடியே சாவான். உங்க கணக்குல வராது, அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து வர்றவங்க மறுபடியும் எங்கயாவது சுவரோரமா போயி முடங்கிக்குவாங்க.

விதியில ஒரு வரி சேத்துக்கலாம். எழுதிக்கிறீங்களா? தூங்குறவங்களை எழுப்பக் கூடாது, அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ, அப்பப்ப பக்கத்துல போயி நின்னு, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துட்டு வரணும். அவ்வளவுதான். தொடவேண்டாம், கூப்பிடவேண்டாம். குழந்தை தூங்கறப்ப பெத்தவங்க போயி மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி. அதை நான் அன்னைக்கே எழுதியிருக்கலாம், தோணல. மூச்சு இல்லன்னா எதிர்லயே ஆஸ்பத்திரி, ஒரு ஸ்ட்ரெச்சர் இங்க வாசல்ல இருக்கட்டும். அதுக்கு நான் ஒரு இடம் வரைஞ்சு குடுக்கறேன், பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியாம.

அந்த வேலையைச் செய்ய அந்த வாட்ச்மேனையே திரும்பக் கூப்பிடுங்க. அவரை விடப் பொறுப்பா யாரும் செய்ய மாட்டாங்க. விதியை மீறினவனை நிறுத்துவாங்க, விதிப்படி நடந்தவரை நிறுத்தினா எப்படி?

புரியுது. உங்களால தனியா முடிவெடுக்க முடியாது. இறந்தவரோட குடும்பத்துல இருந்து நாளைக்கு யாராவது வந்து, அதே வாட்ச்மேனை எப்படி மறுபடி வெச்சீங்க, அதே பெஞ்சை எப்படி அப்படியே விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிக்கறீங்க. அவங்களைக் கண்டுபிடிச்சு ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லதுங்கறீங்க. நல்ல யோசனைதான்.

கேட்டாச்சே தம்பி. இவ்வளவு நேரம் அவங்ககிட்டதானே பேசிக்கிட்டிருக்கீங்க.

ஆமா. எங்க வீட்டுக்காரர்தான்.

உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? உங்க கோப்புல அவரு பேரு இருக்காதுன்னு நானும் நினைச்சேன். அரசர் தோட்டத்துக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு. நான் நிமிந்துகூடப் பாக்கல, வேலையில இருந்தேன், சரின்னேன். அப்புறம் விசாரிச்சதுல, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காரு. நெஞ்சுல ஏதோ செஞ்சிருக்கு, எங்கிட்ட சொல்லல. உள்ள பயங்கரக் கூட்டமாம், நின்னுக்கிட்டே இருந்திருக்காரு. முடியாம ரோட்டைத் தாண்டி வந்திருக்காரு. அங்க அவரு பேரை ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுப் பாத்தாங்களாம், ஆளு இல்லன்னு அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்களாம்.

அழுதுடு, அழுதுடுன்னு எல்லாரும் சொல்றாங்க. வந்தா அழ மாட்டேனா? பாக்கலாம். எங்கேயும் போயிடாது.

ஐயோ, எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. ஆமா, அவரு படுத்த பெஞ்சு இதேதான். அதனால என்ன, உக்காருங்க. வெயில்ல வேற வந்திருக்கீங்க, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. காலை நீட்டிக்கணும்னா நீட்டிக்குங்க, நான் அந்த ஓரமா நகந்துக்கறேன்.